பொன்னா, அச்சமா, சம்பந்தமா: சிற்றரசர்களை அணைத்து வைப்பது எது?

க்ரூசேடர் கிங்ஸ் 3 என்ற கணினி விளையாட்டில் 1066-ஆம் ஆண்டிலிருந்து சோழராக ஆடுகிறவர்களுக்கு, புதிய நாட்டைப் பிடிப்பதைவிடக் கையிலுள்ள நாட்டின் சிற்றரசர்களை அணைத்து வைத்திருப்பதே பெரும்பாடு. கோத்தகிரியின் ஐப்பசி அடைமழையில், மின்சாரம் போகாமல் இருந்த மாலைகளில், அதே ஆட்டத்தை இரண்டு முறை மூன்றாம் தலைமுறை வரை ஆடினேன். முதல் முறை பொன்னை நம்பினேன். இரண்டாம் முறை சம்பந்தத்தை, அதாவது கொள்வினை கொடுப்பினையை நம்பினேன். குன்னூரிலுள்ள சித்தப்பா மகன் அதே சோழரை எடுத்துக்கொண்டு அச்சத்தை நம்பி ஆடினான். மூன்றையும் பார்த்த பிறகு என் மனம் சம்பந்தத்தின் பக்கமே நிற்கிறது.

நிலம் கொடுப்பதையும் அவையில் இடம் கொடுப்பதையும் இங்கே விரித்துப் பேசத் தேவையில்லை. அவையில் அமைச்சர் இடங்கள் ஐந்துதான். வலிமையான சிற்றரசருக்கு அதில் ஒன்று கிடைக்காவிட்டால் மனக்கசப்பு வரும் என்பது எல்லோரும் முதல் நாளே கற்றுக்கொள்வது. நிலமோ ஒருமுறை கொடுத்தால் போனதுதான்.

பொன் கொடுப்பது எளிது. சிற்றரசரின் படத்தருகே, அரசரை அவர் எவ்வளவு விரும்புகிறார் என்று காட்டும் மதிப்பெண் வெறுப்பைக் குறிக்கும் சிவப்பில் நிற்கும். பரிசை அனுப்பியதும் அது பச்சையாகிவிடும். ஆனால் அந்த நன்றி ஆண்டுக்காண்டு தேயும், மறுபடி அனுப்ப வேண்டும். பசுந்தேயிலைக்கு முன்பணம் கொடுத்து விவசாயியைப் பிடித்துவைக்கும் ஏஜெண்டின் கணக்கைப் போன்றது இது. அடுத்த பருவத்தில் வேறொருவர் கூடுதலாகக் கொடுத்தால் இலை அங்கே போய்விடும். என் முதல் ஆட்டத்தில் 20 ஆண்டுகளுக்குமேல் கருவூலத்தைக் கரைத்து எல்லாரையும் பச்சையிலேயே வைத்திருந்தேன். அரசர் இறந்தார், இனி அவர் மகனாக ஆட வேண்டும். மகன் அரியணை ஏறிய மாதத்தில் பட்டியலைத் திறந்தபோது பாதிப் பெயர்கள் சிவப்பில் இருந்தன. நான் கொடுத்த பொன்னுக்கான நன்றி தந்தைக்கு உரியதாக இருந்தது. மகனுக்கோ, புதிதாக ஆள வந்தவர் என்பதற்காகவே மதிப்பெண்ணில் ஒரு கழிவு விழுந்தது. சில மாதங்களில் அவர்கள் அரசருக்கு எதிராக அணி திரண்டார்கள், அந்த அணியின் அதிருப்தி உச்ச அளவான 100-ஐத் தொட்டது, சுதந்திரம் கேட்டு இறுதி எச்சரிக்கை வந்து நின்றது.

அச்சத்திற்கும் இதே கதிதான். கைதிகளைக் கொன்றும் வதைத்தும் ஓர் அரசர் சேர்க்கும் அச்சம், அவர் வாழும்வரை நன்றாகவே வேலை செய்கிறது. கிலி பிடித்தவர்கள் எதிரணியில் சேருவதில்லை. ஆனால் அது அந்த மனிதருடையது, அரியணையினுடையது அல்ல. தம்பி தொலைபேசியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அண்ணா, அப்பன்காரனுக்குப் பயந்தவன் ஒருத்தன்கூட மகனுக்குப் பயப்படல.” அந்த வழியில் நானே ஆடிப் பார்த்ததில்லை, அவன் ஆட்டத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ஆகவே நான் மற்ற எதையும்விட இந்த ஒன்றையே உரைகல்லாகக் கொள்கிறேன்: அரசர் இறந்த மறுநாள் எது மிஞ்சுகிறது? சம்பந்தத்தில் உறவு மிஞ்சுகிறது, அந்த உறவை வைத்துக் கூட்டணி பேசலாம். அரசரோடு கூட்டணியில் இருக்கும் சிற்றரசர், அவர்மேல் எவ்வளவு வெறுப்பு இருந்தாலும், அவருக்கு எதிரான அணியில் சேர முடியாது என்பது விளையாட்டின் விதி. இரண்டாம் ஆட்டத்தில் என் மூன்று பெண்களையும் மிக வலிமையான மூன்று சிற்றரசர்களின் வாரிசுகளுக்குக் கொடுத்தேன். அரசர் இறந்தபோது அந்த மருமகன்களில் இருவர் தத்தம் நாட்டை ஆண்டுகொண்டிருந்தார்கள். புதிய அரசருக்கு அவர்கள் தங்கை கணவர்கள் என்பதால் உடனே அவர்களோடு கூட்டணி பேசி முடிக்க முடிந்தது. தொண்டை நாட்டுச் சிற்றரசரின் மதிப்பெண் ஆழ்ந்த சிவப்பில் இருந்தும் அவர் அசையவில்லை. எஞ்சிய சிறியவர்கள் அணி சேர்ந்தும் அவர்களுடைய படைபலம் எச்சரிக்கை விடும் அளவுக்கு எட்டவில்லை.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். சோழ வரலாறே அதற்குச் சாட்சி. முதலாம் இராஜராஜனின் மகள் குந்தவை கீழைச் சாளுக்கியரின் வேங்கி நாட்டு அரசன் விமலாதித்தனை மணந்தாள். அவர்களுடைய மகனோ, முதலாம் இராஜேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவ்விருவருக்கும் பிறந்த குலோத்துங்கன் 1070-இல், வீரராஜேந்திரனை அடுத்து வந்த அதிராஜேந்திரன் சில மாதங்களிலேயே இறந்ததும், சோழ அரியணையிலேயே அமர்ந்துவிட்டான். விளையாட்டு தொடங்கும் ஆண்டிற்கு நான்கே ஆண்டுகள் கழித்து நடந்தது இது. விளையாட்டிலும் மகள் வயிற்றுப் பேரன்களுக்கு அரியணை உரிமை போய்ச் சேரும். மூன்றாம் தலைமுறையில் எனக்கும் அப்படி ஒரு பேரன் தலைவலியானான். நான்காம், ஐந்தாம் தலைமுறையில் இது எப்படி முற்றும் என்று சொல்லும் அளவுக்கு நான் ஆடவில்லை. தவிர, சம்பந்தி போருக்கு அழைத்தால் போக வேண்டும். மறுத்தால் உறவும் முறியும், புகழும் குறையும்.

பிள்ளைகள் 16 வயதை எட்டும்வரை திருமணம் நடக்காது என்பதால், அந்த இடைவெளிக்கு மட்டும் இப்போது பொன்னை வைத்துக்கொள்கிறேன், அதுவும் படைபலத்தில் முதல் மூன்று இடங்களில் இருப்பவர்களுக்கு மட்டும். அவர்கள் வீட்டில் மணமகன் தயாரானதும் பரிசை நிறுத்திவிடுகிறேன்.