காலாண்டா, அரையாண்டா, மழை லீவா?

மே மாத லீவு எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நடுவில் வரும் குட்டி லீவுகளில்தான் வித்தியாசம். கடலூரில் பிள்ளை வளர்க்கிற எனக்குக் காலாண்டு லீவுதான் ஒசத்தி.

செப்டம்பர் கடைசியில் வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஐப்பசி மழை இன்னும் பிடித்திருக்காது. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போக இதைவிட நல்ல நேரம் ஏது? 2025-இல் செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை ஒன்பது நாள் கிடைத்தது. அதற்குள்ளேயே சரஸ்வதி பூஜை. மறுநாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒன்றாக வந்தன. புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், மறுநாள் எடுக்கும்வரை 'படி' என்று வாய் திறக்க முடியாது. என் மகன் கணக்கு நோட்டைத் தேடிப் பிடித்து அடுக்கின் அடியில் சொருகினான். மேலே அகராதி. விவரமானவன்.

அரையாண்டு லீவும் நாள் கணக்கில் குறைவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொடங்கிப் புத்தாண்டு வரை போகும். ஆனால் அந்த வாரம் புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் பீச் ரோட்டில் கடலைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். புயல் பயமும் கூடவே வரும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று அடித்து, பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது இந்த லீவு வாரத்தில்தான். 2024-இல் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணையும் பெருகி, பாதிக்கப்பட்ட பள்ளிகளுக்கு அரையாண்டுப் பரீட்சையே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. பரீட்சையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கழிப்பது என்ன லீவு?

அப்புறம் மழை லீவு. பிள்ளைகளிடம் ஓட்டு கேட்டால் இதுதான் ஜெயிக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. காலை ஆறு மணிக்கு இட்லி வெந்துகொண்டிருக்கும், யூனிஃபார்ம் இஸ்திரி போட்டாச்சு, மகன் மட்டும் டிவிக்கு முன்னால் ஓடும் எழுத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருப்பான். கலெக்டர் லீவு விட்டால் வேலைக்குப் போகிறவர்கள் பாடு திண்டாட்டம். விட்ட நாளைப் பின்னால் ஒரு சனிக்கிழமையில் பிடித்துக்கொள்வார்கள் என்பது வேறு.

என் நாத்தனார் வீடு பாகூரில். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் அதே மழைதான், ஆனால் அறிவிப்பு புதுச்சேரி அரசுடையது. போன மழையில் அங்கே லீவு, இங்கே பள்ளிக்கூடம். செய்தி வந்ததும் மகன் கேட்டான்: "அம்மா, நான் அத்தை வீட்லயே தங்கிப் படிக்கட்டுமா?"