நோன்பா, நேரில் மன்னிப்பா?

ஒருவரை ஏமாற்றியாகிவிட்டது. யூதர்கள் பாவநிவர்த்திக்காக நோன்பிருக்கும் நாளான யோம் கிப்பூர் வருகிறது. சுமார் 25 மணி நேரம் பட்டினி கிடந்தால் கடவுள் கணக்கைத் தீர்த்துவிடுவாரா, இல்லை அந்த ஆள் வீட்டுக்கே போக வேண்டுமா?

எளிமை: நோன்பில் யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். நேரில் போவதுதான் கஷ்டம். அவர் மறுத்தால் மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போகச் சொல்கிறார் 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ், மூன்று முறை வரை. ஏமாற்றப்பட்டவர் இறந்துவிட்டாரா? பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. சாவைக்கூடச் சாக்காகச் சொல்ல முடியாது.

செலவு: நோன்புக்கு ஒன்றுமில்லை. நேரில் போனால் எடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

பலன்: 'பாவம் செய்வேன், யோம் கிப்பூர் அதைப் போக்கிவிடும்' என்று திட்டம் போடுபவருக்கு அந்த நாள் நிவர்த்தி தராது என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. சக மனிதருக்குச் செய்த தவறும் அவரைச் சமாதானப்படுத்தும்வரை தீராது.

ஆக, கடவுளுக்கு எதிரான தவறு மட்டும்தான் என்றால், மனந்திருந்தி நோன்பிருப்பது பொருந்தும். இன்னொருவருக்குச் செய்ததென்றால் முதலில் அவரிடம் போங்கள், நோன்பு அப்புறம்.