குடல்வால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது

மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் வலப்பக்க வயிற்றில் வலி பிடித்தது. காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. இருமினால் மட்டும் உயிர் போனது. மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளியவர் முதல் தொலைபேசியில் பேசிய என் மனைவி வரை எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: குடல்வால்.

அறுவை மருத்துவர் மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. அழுத்தினால் வலிக்கும் இடம் சற்று மேலே தள்ளியிருக்கிறதே என்றார். அல்ட்ராசவுண்டில் குடல்வால் தென்படவே இல்லை. அடுத்து சி.டி. ஸ்கேன். ஸ்கேன் மருத்துவர் தானே வந்து திரையைக் காட்டினார்: நீர்ச்சுழிபோல வட்டம் வட்டமாகக் கொழுப்பு, நடுவில் புள்ளியாக ஒரு ரத்தக்குழாய். அதற்குக் கீழே, மெலிந்து சாதுவாக என் குடல்வால்.

குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பின் பெயர் ஓமெண்டம். அபூர்வமாக அது முறுக்கிக்கொண்டு தன் ரத்த ஓட்டத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். 1899இல் ஐட்டெல் என்பவர் விவரித்த நோய். வலப்பக்கம் நீளமும் கனமும் அதிகம் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் முறுக்கும். குடல்வால் என்று ஏமாறுவதும் அதனால்தான். பருமனானவர்களுக்கு வாய்ப்பு கூடுதலாம். என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார் ஸ்கேன் மருத்துவர்.

சிலருக்கு வலி மருந்திலேயே அடங்கிவிடும். எனக்கு ஏறிக்கொண்டே போனதால் அன்று மாலையே லேப்பரோஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை. கருத்துச் செத்துப்போன பகுதியை எடுத்துவிட்டு, குடல்வாலைத் தொடாமல் விட்டார்கள். மறுநாள் வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. அறுவையின்போது வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடின் வேலை என்றார் செவிலியர்.

இதுவரை குறை சொல்ல இடமில்லை. மூன்றாம் நாள் கைக்கு வந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘குடல்வால் நீக்கப்பட்டது’ என்றிருந்தது. பழைய படிவம் ஒன்றில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

“இரண்டும் வயிற்று ஆபரேஷன்தானே சார், இன்ஷூரன்ஸுக்குப் பிரச்சினை வராது” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

நாளைக்கு உண்மையிலேயே குடல்வால் வீங்கினால், இந்தத் தாளைப் படிக்கும் மருத்துவர் முதலில் ஒதுக்கிவிடுவது அதைத்தானே? நான்கு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்தேன். கடைசியில் அறுவை மருத்துவர் தியேட்டர் தொப்பியோடு இறங்கி வந்து, அந்த வரியை அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டார். புதிய பிரதி ஒன்றும் அடித்து வாங்கிக்கொண்டேன்.

திசுப் பரிசோதனை முடிவு நான் திரும்பிய பிறகு மின்னஞ்சலில் வந்தது: ரத்த ஓட்டமின்றி அழிந்த கொழுப்புத் திசு, புற்று இல்லை. என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதை விட்டுவிட்டேன்.