சுங்கை சிப்புட்டில் மூன்று வருடம்: உச்சி வானத்து ரோசெட்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) பின்னால் செம்பனைத் தோட்டம். மூன்று வருடமாக அந்தப் பின்வாசலில் நின்றுதான் ரோசெட் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தைப் படமெடுக்கிறேன். 250 மி.மீ. குவியத்தூரமுள்ள ரெட்கேட் தொலைநோக்கி, பழைய கேனன் கேமரா, வானம் நகரும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும், பேட்டரியில் ஓடும் சின்ன டிராக்கர், இவ்வளவுதான் சாமான்.

ரோசெட் வானத்தின் நடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே இருக்கிறது. எங்கள் ஊரும் பூமியின் நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 5 பாகை வடக்கு. அதனால் பிப்ரவரி நடுவில் இரவு பத்து மணி வாக்கில் அது உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், திருவாதிரையிலிருந்து கிழக்கே ஒரு முஷ்டி தூரம். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நடுவிலுள்ள இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கிறது. அது திரும்பச் சேரும்போது 656.3 நானோமீட்டர் சிவப்பு பிறக்கிறது.

முதல் வருடம் அந்தச் சிவப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை. சென்சார் முன்னிருக்கும் வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதைக் கழற்றக் கொடுத்து வாங்கிய இரவு, 60 வினாடிப் படம் ஒன்றிலேயே மங்கலாக ஒரு வளையம் தெரிந்தது. நான் செலவழித்ததில் இதுவே மிகப் பயனுள்ளது. நாலு இரவுகளில் ஐந்து மணி நேரம் சேர்த்து, சிரில் என்ற மென்பொருளில் அடுக்கி முடித்த படத்தைப் பால்மரம் வெட்டிய காலத்துப் பழக்கத்தில் நாலு மணிக்கே எழுந்துவிடும் அம்மாவிடம் காட்டினேன். "செம்பருத்தி மாதிரி இருக்குய்யா" என்றார்.

பெரிய எதிரி பனி. தொலைநோக்கி நேர் மேலே பார்ப்பதால் பதினொன்றரைக்கெல்லாம் கண்ணாடி பால் படிந்தது போல ஆகிவிடும். துடைக்கக் கூடாது, கோடு விழும். பவர் பேங்கில் ஓடும் சூட்டுப்பட்டையை ஆரம்பத்திலேயே கட்டிவிட வேண்டும், பனி படிந்த பிறகு கட்டினால் அது விலக நேரம் பிடிக்கும். விடிந்ததும் எல்லாம் உலர்பெட்டிக்குள் போய்விடும். ஒரு மழைக்காலம் அலட்சியமாக இருந்ததில் வேறொரு லென்ஸில் பூஞ்சை பிடித்து வீணானது.

அப்புறம் துருவ நட்சத்திரம். டிராக்கரின் அச்சை வான துருவத்தை நோக்கி நிறுத்த அதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அது இங்கே ஐந்து பாகை உயரத்தில், செம்பனை ஓலைகளுக்குப் பின்னால். அதனால் ஓரியன் விண்மீன் குழுவின் இடுப்பிலுள்ள மிந்தாக்கா நட்சத்திரம் உச்சி தாண்டும் நேரத்தில் வடக்கு தெற்காக நழுவுகிறதா என்று பார்த்து, டிராக்கரைக் கிழக்கு மேற்காகச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரி செய்கிறேன். அரை மணி நேரம் ஆகும். டிராக்கர் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே அதன் அடிப்பாகத்தை ஐந்து பாகைக்குச் சாய்த்துப் பாருங்கள். என்னுடையதில் எடைக்கம்பி (கேமராவுக்குச் சமன் எடை மாட்டும் கம்பி) முக்காலியின் காலில் இடித்தது. ஒரு காலைத் திருப்பி வைத்த பிறகுதான் சரியானது.