ஐந்து பருவங்களும் ஒரு தூண்டில் முள்ளும்: சுறாக்களிடையே நான் பயன்படுத்திய முக்குளிப்புக் கருவிகள்

தூத்தூரில் சுறா பிடிப்பவர்களின் வீட்டில் பிறந்தவன் நான். ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான முட்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போய், மாதக்கணக்கில் கழித்துக் கரை திரும்பிய அப்பாவுக்கு, என் வேலையை விளக்கியபோது நம்பிக்கையே வரவில்லை. “சுறாவைப் பாக்கவா மக்கா, இவ்வளவு துட்டு குடுத்து ஆளு வருது?” என்று கேட்டார். கொச்சியிலிருந்து மாலத்தீவுக்குச் செல்லும் 44 அடிப் பாய்மரப் படகில் இன்ஜினையும் காற்றழுத்தும் கம்ப்ரசரையும் கவனிப்பது என் வேலை. ஜனவரியில் வாடைக்காற்று நிலைத்ததும் புறப்பட்டு, ஏறக்குறைய 260 கடல்மைலை இரண்டரை நாளில் கடந்து, வட மாலத்தீவின் உலிகமு தீவில் நுழைவுப் பதிவு செய்வோம். பயணிகள் இறங்கும்போது இரண்டாவது ஆளாக நானும் இறங்குவதால், ஐந்து பருவங்களில் என் குறிப்பேட்டில் 163 முக்குளிப்புகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் என்னோடு கிடந்த கருவிகளைப் பற்றியதே இந்தப் பகிர்வு.

முதல் பருவத்தில் நான் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி சுறாவை நினைத்துப் பயந்து செலவழித்தது. அதில் கணுக்காலில் கட்டும் காந்தப் பட்டை ஒன்றும் இருந்தது. சுறாவின் மூக்கைச் சுற்றியுள்ள நுண்துளைகள், மற்ற உயிர்களின் தசையசைவில் பிறக்கும் மிக மெல்லிய மின்புலத்தையும் உணரக்கூடியவை. அந்த உணர்வைக் காந்தம் குழப்பிவிடும் என்று விளம்பரம் சொன்னது. அது வேலை செய்ததா இல்லையா என்று என்னால் கூற இயலாது. ஆனால் சுறாவைக் காட்டுவதாகச் சொல்லி ஆட்களை அழைத்துவந்துவிட்டு, சுறாவை விரட்டும் பட்டையைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குகிறாயே என்று படகின் சமையல்காரர் சிரித்த அன்று அதைக் கழற்றினேன். இன்று அது கருவிப்பெட்டியில், சிதறும் திருகாணிகளைப் பிடித்துவைக்கப் பயன்படுகிறது.

பயப்பட வேண்டியது சுறாவுக்கல்ல, நீவாடு என்று நாங்கள் சொல்லும் கடல் நீரோட்டத்துக்கே என்பது, மாலத்தீவின் வளையத் தீவுக்கூட்டங்களில் ஒன்றான வாவு அட்டோலின் கால்வாய்களில்தான் எனக்கு உறைத்தது. வாடைப் பருவத்தில் அங்கே நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே பாய்வதால், கிழக்கு வாய்களில் ஆழ்கடலின் தெளிந்த நீர் உள்ளே ஏறும். பவளப்பாறைகளை ஒட்டி வாழும் சாம்பல் நிறப் பார்ச்சுறாக்கள் அந்த ஓட்டத்தை எதிர்கொண்டு, வாலை அசைத்தும் அசைக்காமலும், கால்வாய் விளிம்பில் வரிசையாக நிற்கும். மியாரு கந்து என்று ஒரு கால்வாய்க்குப் பெயரே உண்டு. அந்த ஊர் மொழியில் மியாரு என்றால் சுறா, கந்து என்றால் கால்வாய். சுமார் 30 மீட்டர் ஆழத்தில் அந்த விளிம்பைப் பிடித்து நின்றால்தான் காட்சி கிடைக்கும். அங்கே அழுத்தம் நான்கு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுப்பவருக்குக் கீழே 80 லிட்டர் செலவாகும். 11 லிட்டர் சிலிண்டரை 200 பார் (காற்றழுத்த அளவு) வரை நிரப்பி, 50 பாரைத் திரும்புவதற்கு ஒதுக்கினால், மிஞ்சுவது 20 நிமிடம். ஓட்டத்தை எதிர்த்துக் காலடித்து மூச்சு வாங்குகிறவருக்கு அதில் பாதிகூடத் தேறாது.

அதனால்தான் பாறையில் மாட்டிக்கொள்ளும் கொக்கி அவசியமாகிறது. கடையில் வாங்கிய முதல் கொக்கியை நான் இரண்டாம் வாரமே கடலுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த பருவத்துக்கு அப்பா தன் பழைய சுறாத் தூண்டில் முள் ஒன்றை எடுத்துத் தந்தார். நித்திரவிளையில் ஒரு பட்டறையில் அதன் எதிர்முள்ளை அராவி, நுனியை மழுக்கி வாங்கினேன். தங்கூசி என்கிற மெல்லிய தூண்டில் நரம்பில் கட்டச் சொன்னார் அப்பா; அது கையை அறுக்கும் என்பதால் ஒன்றரை மீட்டர் நைலான் கயிற்றில் கட்டினேன். உயிருள்ள பவளத்தில் மாட்டாமல், செத்த பாறையின் இடுக்கில் செருகி, உடலைத் தளரவிட்டால், கொடியில் காயும் துணிபோல ஓட்டத்தில் மிதக்கலாம். மூச்சு அடங்கும். மூச்சுக் குமிழி குறையக் குறையச் சுறாக்கள் நெருங்கும். ஒருமுறை ஒரு பெண்சுறா கையெட்டும் தூரத்தில் நின்றபோது, அதன் செவுள்பிளவு ஐந்தும் விரிந்து சுருங்குவதையும், வாயோரத்தில் துருப்பிடித்த முள் ஒன்று தொங்குவதையும் கண்டேன். மாலத்தீவு 2010-இல் சுறாப் பிடிக்கத் தடை விதித்தது. அந்த முள் யார் கடலில் தைத்ததோ. என் கையிலிருந்ததும் முள்தான் என்பது அப்போது சற்றுக் கூச்சமாக இருந்தது. இந்த முள்ளில் ஒரே குறை, எளிதில் துருப்பிடிக்கும். ஒவ்வொரு நாளும் நன்னீரில் கழுவித் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும்.

என்னைப் பெரிதும் சோதித்தது டைவ் கம்ப்யூட்டர். நாளுக்கு மூன்று முறை இறங்குகிறவரின் உடலில் எவ்வளவு நைட்ரஜன் தங்கியிருக்கிறது என்பதை அதுவே கணக்கிட்டு, எத்தனை நிமிடம் கீழே நிற்கலாம் என்று காட்டும். இரண்டு பருவம் நன்றாக உழைத்தது. எழுத்து பெரியது, கலங்கலிலும் படிக்க முடிந்தது. மூன்றாம் பருவத்தில் பேட்டரி மாற்றியபோது, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒட்டியிருந்த ஒரு மணல் துகளை நான் கவனிக்கவில்லை. 28 மீட்டரில் திரை மங்கி அணைந்தது. கூட்டாளியின் கருவியை வாங்கிக் கட்டிக்கொள்ளவும் முடியாது, அது அவர் உடம்பின் கணக்கு. அவரோடு ஒட்டியபடியே மெதுவாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, வெளியே வந்தபின் ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் இறங்காமல் இருந்தேன். தண்ணீர் புகுந்தால் உத்தரவாதம் இல்லை என்று விற்ற கடைக்காரர் கைவிரித்துவிட்டார். மறுபடியும் அதே வகையைத்தான் வாங்கினேன். ஆனால் ஓ-ரிங்கைப் பருவத்துக்கு ஒருமுறை புதிதாகப் போடுகிறேன், பேட்டரியைக் கரையிலேயே மாற்றிக்கொள்கிறேன்.

மாஸ்க் விலையைப் பார்த்து வாங்கக் கூடாது, முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சினால் ஒட்டி நிற்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வெட்சூட் இந்த வெப்பக் கடலுக்குப் போதும். முழங்காலில் கிழிந்ததைப் பசையிட்டு ஒட்டியிருக்கிறேன். காலில் மாட்டும் மஞ்சள் துடுப்புகளை மட்டும் மாற்றினேன். புலிச்சுறாக்களுக்குப் பெயர்போன தென் மாலத்தீவின் ஃபுவாமுலா தீவில், துறைமுகத்தில் கொட்டும் மீன்கழிவுக்காக அவை கூடும் இடத்தில், நான்கு மீட்டர் நீளமிருக்கும் ஒன்று என் துடுப்பை இரண்டுமுறை வந்து பார்த்தது. முதுகைக் காட்டாமல், அதன் கண்ணைப் பார்த்தபடியே நின்றேன், போய்விட்டது. அன்று மாலையே கறுப்புத் துடுப்பு இரவல் வாங்கினேன்.

இந்த ஆண்டு கரை திரும்பியதும், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைச் சர்வீசுக்குக் கொடுத்திருக்கிறேன். முள் அப்பாவிடம் இருக்கிறது. கயிறு நைந்துவிட்டதென்று, என்னைக் கேட்காமலே தங்கூசியில் கட்டிவைத்திருக்கிறார்.