ஸ்கீ வாங்குறவங்க பாத்துக்கோங்க, எனக்கு 27,500 ரூபாய் போச்சு

நேத்து சாயங்காலம்தான் ஏமாந்தது முழுசா புரிஞ்சுது. கோவத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

ஜனவரியில காஷ்மீர் குல்மார்க் போய் ஸ்கீயிங் (கால்ல நீளப் பலகை மாட்டி பனியில சறுக்குறது, அந்தப் பலகைதான் ஸ்கீ) கத்துக்கலாம்னு ஒரு ஆசை. (மதுரைக்காரனுக்கு எதுக்குடா பனின்னு அம்மா கேட்டாங்க. கேட்டிருக்கலாம்.) பழைய சாமான் விக்கிற ஆப் ஒண்ணுல தேடினேன். டெல்லி ஆளு, ஆனா போன் எடுத்தா தமிழ். "நானும் திண்டுக்கல் பக்கம்தாண்ணே." அங்கயே விழுந்துட்டேன்.

அளவு தெரியாதேன்னு சொன்னேன். வீடியோ கால்ல வந்தார். "சுவரை ஒட்டி நில்லுங்கண்ணே. கையை மேல தூக்குங்க. மணிக்கட்டு வரைக்கும் இருக்கணும், ஆம்பளைக்கு அதான் கணக்கு." அக்கா ஸ்டூல் போட்டு ஏறி, தையல் டேப்பால அளந்தா 205 சென்டிமீட்டர். "உங்க நேரம்ணே, அதே 205 ஒண்ணே ஒண்ணு கெடக்கு." இவ்வளவு பொறுமையா அளக்கச் சொல்ற ஆளு ஏமாத்துவானா? 5,000 முன்பணம், மறுநாள் 22,500. மொத்தம் 27,500.

பார்சல் ஆபீஸ்ல இருந்து ஆட்டோவுல குறுக்க வச்சு கொண்டாந்தேன், ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு. கே.கே.நகர் ஆர்ச்சுகிட்ட ஒரு பைக்காரர் ஒதுங்கி, திட்டிட்டுப் போனார்.

வருஷாவருஷம் குல்மார்க் போற ஒருத்தருக்கு போட்டோ அனுப்பினேன். அவர் கேட்ட மொத கேள்வி, "இதுக்கு இடுப்பு எங்க?" இப்போ வர்ற ஸ்கீ முனையும் வாலும் அகலமா, நடுவுல ஒடுங்கி இருக்குமாம். என்னோடது ஸ்கேல் மாதிரி நேரா இருக்கு. 1990கள்ல அந்த வடிவம் பரவினதும் நீளமும் குறைஞ்சிருச்சு. மணிக்கட்டுக் கணக்கு அதுக்கு முந்தின காலத்து நீள ஸ்கீக்கு. அந்த ஆளு பொய் சொல்லல பாருங்க, செத்துப்போன கணக்கை சொல்லி செத்துப்போன சரக்கை தள்ளிட்டான்.

ஸ்கீயை தரையில நிறுத்தி வச்சா, புதுசா கத்துக்கிற ஆம்பளைக்கு தாடைக்கும் மூக்குக்கும் நடுவுல எட்டினா போதும். நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு நெத்தி, உச்சந்தலை வரைக்கும். எடை கூடினா கொஞ்சம் நீளம், குறைஞ்சா கொஞ்சம் குட்டை. நான் 170 சென்டிமீட்டர், 82 கிலோ. எனக்கு 160 பக்கம் போதுமாம். ஷூவை மாட்டுற பைண்டிங்கும் ரொம்பப் பழசு, சரி பண்ண எந்தக் கடைக்காரனும் கை வைக்க மாட்டானாம்.

திருப்பிக் கேட்டேன். மொத நாள், "பழகிட்டா சரியாயிரும்ணே." ரெண்டாவது நாள், "நீங்க அளந்த அளவுதானே சார்." அண்ணன் சாராயாச்சு. மூணாவது நாள் பிளாக். ஆப்காரங்களோ, "நாங்கள் இணைப்பு மட்டுமே தருகிறோம்"னு ஒரு வரி அனுப்பி புகாரை மூடிட்டாங்க. 27,500 ரூபாய்க்கு ஒரு வரி! சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சிருக்கேன்.

அளவு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், மனசு ஓடல. இதை மட்டும் கேளுங்க. ஸ்கீ மேல நீளம் அச்சடிச்சிருக்கும், அந்த இடத்தை கிட்டத்துல போட்டோ கேளுங்க. முனை, நடு, வால் அகலம் மூணும் கேளுங்க. மொத தடவை போறவங்க வாங்கவே வாங்காதீங்க, அங்க வாடகைக்கே கிடைக்குது. முன்பணம் அனுப்பாதீங்க.

இப்ப அக்கா போன்ல அந்த ஆப்பைத் திறந்து பார்த்தேன். அதே போட்டோ, அதே "ஒண்ணே ஒண்ணு", விலை 27,500.