எபேனில் ஒரு வேலைக்கு ஐந்து சுற்று: 5-க்கு 2 நட்சத்திரம்

தால் பூரி வண்டிக்குக்கூட விமர்சனம் எழுதுகிறோம், ஏழு வாரம் ஆளை இழுத்தடித்த இன்டர்வியூவுக்கு எழுதினால் என்ன? கம்பெனி பெயர் வேண்டாம். மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் அலுவலகங்களில் ஒன்று, வேலை சீனியர் அக்கவுண்டன்ட். நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்து ரோஸ் ஹில்லில் எட்டு வருஷமாக இருக்கிறேன். 2023-இல் எபேன் வழியாக மெட்ரோ வந்துவிட்டதால் போக்குவரத்துச் சிரமம் இல்லை, நல்ல விஷயம் அங்கேயே பாதி முடிந்தது.

முதல் சுற்று போனில், ஆங்கிலத்தில். இரண்டாவது மேனேஜரோடு, பிரெஞ்சில். அது முடிந்து லிஃப்ட் வரை கூட வந்த டீம் லீடர் இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் ஆரம்பித்தார். மூவரும் கேட்டது ஒன்றே: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். மொரீஷியஸில் மொழி இப்படி மாறுவது சகஜம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முதல் ஆள் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டதை அடுத்த ஆள் திறந்துகூடப் பார்க்கவில்லை, அதுதான் எரிச்சல். என் கதை எனக்கே சலித்துவிட்டது.

மூன்றாவது சுற்றுக்குத்தான் இந்த இரண்டு நட்சத்திரமும். ஒரு லேப்டாப், ஒரு எக்செல் ஃபைல், ஒரு மணி நேரம். வங்கி ஸ்டேட்மென்ட்டும் கணக்குப் புத்தகமும் 900 ரூபாய் இடிக்கிறது, ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊரில் ஆடிட்டர் ஆபீசில் இருந்தபோது எங்கள் சார் சொல்வார், வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா பாரம்மா என்று. பார்த்தேன். 4,590 என்று இருக்க வேண்டியதை 5,490 என்று பதிந்திருந்தார்கள். தேர்வு வைத்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டார், சொன்னதும் சிரித்துவிட்டார். அப்புறம் இருபது நிமிஷம் வேலையைப் பற்றி மட்டும் பேசினோம். ஒருவருக்குக் கணக்கு வருமா வராதா என்று தெரிந்துகொள்ள இது போதாதா?

போதவில்லை. நான்காவது, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வீடியோவில் மூன்று பேர். அவர்கள் குறித்த தேதி தைப்பூசக் காவடி. இங்கே அரசு விடுமுறை, அங்கே இல்லை, சரி, அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அழைப்பை அனுப்பியது எபேன் ஆபீஸ்! பத்து நாள் விரதம் இருந்து என் வீட்டுக்காரர் காவடி எடுக்கிற அன்று நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார முடியுமா? மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள், இரண்டு வாரம் தள்ளிப்போனது. கடைசியில் கேட்டது என்னவோ, உங்கள் பலவீனம் என்ன, ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள். மூவரில் ஒருவர் கேமராவையே போடவில்லை.

ஐந்தாவது சம்பளப் பேச்சு. எவ்வளவு தருவார்கள் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லாமல், இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். வருஷக் கடைசியில் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் உண்டு என்று ஏதோ சீர்வரிசை மாதிரி சொன்னபோது சிரிப்பை அடக்கிக்கொண்டேன். இந்த ஊரில் அது சட்டம் ஐயா, நானே மாசாமாசம் நாற்பது பேருக்குச் சம்பளக் கணக்கு போடுகிறவள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் சத்தமில்லை. அப்புறம் 'அன்புள்ள விண்ணப்பதாரரே' என்று இரண்டு வரி மெயில், வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். எங்கே சறுக்கினேன் என்று கேட்டு எழுதினால், அது பதில் போக முடியாத முகவரி.

போன வாரம் அதே வேலைக்கு அதே விளம்பரம், ஒரு எழுத்து மாறாமல் திரும்ப வந்திருக்கிறது. போகிறவர்கள் சம்பளத்தை முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். மூன்றாவது சுற்று அம்மாவைப் பார்த்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.